ரிப்போர்ட்ல பயமுறுத்துற ஏ.எல்.பி தான் குடலுக்கு வாட்ச்மேன்: அத எப்படி கவனிச்சுக்கறது

போன வருஷம் ஹெல்த் செக்கப்ல ரத்தத்துல ஏ.எல்.பி-ங்குற என்சைம் மட்டும் கொஞ்சம் தூக்கலா வந்துச்சு, லிவர் போச்சுடான்னு ரெண்டு நாள் தூக்கமே இல்ல. டாக்டர் கேட்ட மொத கேள்வியே "காலைல என்ன சாப்ட்டு போனீங்க, ப்ளட் குரூப் என்ன?" நெய் மெதக்குற வெண்பொங்கல் சார், ஓ பாசிட்டிவ். சிரிச்சுட்டு, வெறும் வயித்துல திரும்ப எடுங்கன்னாரு, எடுத்தா நார்மல்.

விஷயம் என்னன்னா ஏ.எல்.பி, அதாவது ஆல்கலைன் பாஸ்பட்டேஸ், லிவர்ல மட்டும் இல்ல, எலும்புலயும் இருக்கு, குடல்லயும் இருக்கு. குடல்ல உள்ளது கொழுப்பு சாப்ட்டதும் ரத்தத்துல கொஞ்சம் கலக்கும், ஓ, பி குரூப்காரங்கள்ல நெறைய பேருக்கு இது நல்லாவே தெரியும். அதனால லேப்ல சாப்ட்டு வரலாம்னு சொன்னாலும் இந்த டெஸ்ட்டுக்கு வெறும் வயித்துல போங்க. அப்பவும் கூடுதலா இருந்தா ஜி.ஜி.டி-ங்குற இன்னொரு லிவர் டெஸ்ட்டும் சேர்த்துப் பாக்க சொல்லுவாங்க, அது நார்மல்னா பெரும்பாலும் லிவர் மேல சந்தேகம் குறையும்.

சரி, குடல்ல இதுக்கு என்ன வேலை? நம்ம குடல்ல இருக்குற பல பாக்டீரியாவோட வெளித்தோல்ல எல்.பி.எஸ்னு ஒரு நச்சு இருக்கு, அதுல லிப்பிட் ஏ-ங்குற பகுதில ரெண்டு பாஸ்பேட் ஒட்டிக்கிட்டு இருக்கும். அந்த ரெண்டும் இருந்தாதான் நம்ம செல்லுல டி.எல்.ஆர் 4-ங்குற அலாரம் பலமா அடிக்கும், அடிச்சா அழற்சி, அதாவது குடல் சுவர் செவந்து வீங்குறது. நம்மாளு ஏ.எல்.பி என்ன பண்றான்னா அதுல ஒரு பாஸ்பேட்ட வெட்டி விட்டுடறான், தேளோட கொடுக்க நறுக்குன மாதிரி, தேள் அங்கேயேதான் இருக்கும் ஆனா கொட்டாது. (இப்படி ஒரு பாஸ்பேட் போன லிப்பிட் ஏ-வ சில தடுப்பூசில எதிர்ப்பு சக்திய லேசா தட்டி எழுப்பவே சேக்குறாங்க.) 2007-ல வரிக்குதிரை மீன்ல இந்த என்சைம கொறச்சுப் பாத்தப்ப அந்த மீனால எல்.பி.எஸ்-அ தாங்கவே முடியல.

இனி கவனிப்பு. மொத ரூல், குடல ரொம்ப நாள் காயப் போடாதீங்க. 2008-ல பாஸ்டன்ல மாசசூசெட்ஸ் ஜெனரல் ஹாஸ்பிடல் ஆளுங்க எலிகளப் பட்டினி போட்டுப் பாத்தாங்க, என்சைம் படுத்துடுச்சு. ஏகாதசி விரதத்த சொல்லல, காய்ச்சல்னு நாலு நாள் வாயில ஒண்ணுமே வெக்காம கெடக்கறத சொல்றேன், கொஞ்சம் கஞ்சியாவது குடிங்க.

அடுத்தது நார்ச்சத்து, இதுதான் முக்கியம். ஜீரணமாகாத மாவுச்சத்து பெருங்குடல் வரைக்கும் போனா அங்க பாக்டீரியா அதப் புளிக்க வெச்சு பியூட்டிரேட்னு ஒண்ணு பண்ணும், ஆய்வகத்துல குடல் செல்லுக்கு பியூட்டிரேட் குடுத்தா இந்த என்சைம் ஏறுது. நம்ம பழைய சோறு இதுக்கு அம்சமா பொருந்துது, வடிச்ச சோறு ஆறி ராத்திரி பூரா கெடக்கும்போது ஸ்டார்ச்சுல ஒரு பங்கு இறுகி சீக்கிரம் ஜீரணமாகாத டைப்பா மாறிடுது. காலைல உப்பு போட்டு பெசஞ்சு ரெண்டு சின்ன வெங்காயத்த கடிச்சுக்கோங்க, வெங்காயத்துலயும் பாக்டீரியாக்குப் புடிச்ச இனுலின்னு ஒரு நார்ச்சத்து இருக்கு. ஆனா ஏற்கனவே வயிறு உப்புசம் இருக்குறவங்க மொத நாளே ஒரு சட்டி அடிக்காதீங்க, கொஞ்சம் கொஞ்சமா.

அப்புறம் ஜிங்க், அதாவது துத்தநாகம். இந்த என்சைம் வேலை செய்ற எடத்துல 2 ஜிங்க் அணு, 1 மெக்னீசியம் அணு உக்காந்துருக்கும், அது இல்லாம கத்தி வெட்டாது. பயறுல, ராகில ஜிங்க் இருக்கு ஆனா அதுலயே இருக்குற பைட்டேட்ங்குற பொருள் அதப் புடிச்சு வெச்சுக்கும். ஊற வெச்சு முளை கட்டுனா, இல்ல இட்லி மாவு மாதிரி புளிக்க வெச்சா அந்தப் பிடி தளரும். கறி நண்டு சாப்டுறவங்களுக்கு இந்தத் தலைவலி கம்மி. எண்ணெய் நெய்ய சுத்தமா நிறுத்தணும்னு இல்ல, கொழுப்ப உறிஞ்சுற வேலையிலயும் இதுக்குப் பங்கு இருக்கு, அளவு பாத்துக்கோங்க அவ்ளோதான்.

இந்த என்சைம மாத்திரையா ஆன்லைன்ல யாராவது வித்தா வாங்காதீங்க ப்ளீஸ், வயித்து ஆசிட்ல மாட்டுனா அது பாழு. 2010-ல வந்த ஒரு ஆராய்ச்சில அல்சரேட்டிவ் கொலைட்டிஸ், அதாவது பெருங்குடல் புண்ணாகி வீங்குற நோய் உள்ள 21 பேருக்கு 7 நாள் குடுத்துப் பாத்தாங்க, அதுவும் மூக்கு வழியா ட்யூப் விட்டு நேரா சிறுகுடல்ல. பலன் தெரிஞ்சுச்சு, ஆனா அது ரொம்ப சின்ன சோதனை. நான் மேல சொன்ன சாப்பாட்டு விஷயமும் பெரும்பாலும் எலி, செல் அளவுல பாத்ததுதான், மருந்து கெடையாது. மலத்துல ரத்தம், காரணமில்லாம எடை எறங்குறது, ராத்திரி எழுப்பி விடுற மாதிரி வயித்தால போறது, இதுல ஒண்ணு இருந்தாலும் பழைய சோத்த ஓரமா வெச்சுட்டு குடல் டாக்டர்கிட்ட போய்டுங்க.