துணைக்கோளின் உள்ளே பாறையா, குழம்பா? கால்குலேட்டரில் ஒரு கணக்கு

ஓதம் என்றதும் கடல் ஏறி இறங்குவதுதான் நினைவுக்கு வரும். துணைக்கோள்களில் தரையே ஏறி இறங்குகிறது. எவ்வளவு ஏறுகிறது என்று தெரிந்தால், தோண்டிப் பார்க்காமலே உள்ளே இருப்பதைப் பற்றி நிறையச் சொல்லலாம். வியாழனின் அயோவை எடுத்துக்கொள்வோம். அடுக்கு எண் போட வசதியுள்ள கால்குலேட்டர் போதும்.

படி 1: எந்த எண்ணைத் தேடுகிறோம்?

அதன் பெயர் லவ் எண், கே2. 1909இல் இதை அறிமுகப்படுத்திய கணிதவியலாளர் ஆகஸ்டஸ் லவ்வின் பெயர் அது. காதலுக்கும் இதற்கும் தொடர்பில்லை. கோளின் ஈர்ப்பு துணைக்கோளை நெளிக்கிறது. நெளிந்த உடல் தன் பங்குக்குக் கொஞ்சம் கூடுதல் ஈர்ப்பை உண்டாக்குகிறது. இந்த இரண்டுக்கும் உள்ள விகிதமே கே2. துளியும் நெளியாத பொருளுக்கு 0. எங்கும் ஒரே அடர்த்தியுள்ள திரவ உருண்டைக்கு 1.5.

படி 2: சூத்திரத்தை நம் நிலவில் சோதியுங்கள்

கே2 = 1.5 ÷ [1 + (19 × விறைப்புக் குணகம்) ÷ (2 × அடர்த்தி × ஈர்ப்பு முடுக்கம் × ஆரம்)]

நிலவின் அடர்த்தி கன மீட்டருக்கு 3344 கிலோ, ஈர்ப்பு முடுக்கம் 1.62, ஆரம் 17,37,000 மீட்டர். விறைப்புக் குணகம் என்பது ஒரு பொருள் நெளியாமல் எவ்வளவு எதிர்த்து நிற்கிறது என்பதன் அளவு. பாறைக்கு அதை 65 ஜிகாபாஸ்கல், அதாவது 65-க்குப் பின் ஒன்பது சுழியங்கள் என்று வையுங்கள். விடை ஏறத்தாழ 0.0225. 2012இல் நிலவைச் சுற்றிய கிரெயில் இரட்டை விண்கலங்கள் அளந்தது 0.024. இவ்வளவு எளிய சூத்திரத்துக்கு இது நல்ல பொருத்தம்தான்.

உங்களுக்கு 1.5-ஐ ஒட்டி விடை வந்தால், ஜிகாபாஸ்கலை பாஸ்கலாக மாற்றாமல் விட்டிருப்பீர்கள். ஆரத்தைக் கிலோமீட்டரில் போட்டால் நேர்மாறாக, விடை சுழியத்தோடு ஒட்டிக்கொள்ளும். புதியவர்கள் பெரும்பாலும் சறுக்குவது இந்த இரண்டு இடங்களில்தான்.

படி 3: அயோ முழுக்கப் பாறையாக இருந்தால்?

அடர்த்தி 3528, முடுக்கம் 1.796, ஆரம் 18,21,600 மீட்டர், விறைப்புக் குணகம் 60 ஜிகாபாஸ்கல். கே2 = 0.03. இதுதான் நம் கீழ் எல்லை. அளவீட்டைப் பார்ப்பதற்கு முன்பே இதைக் குறித்துவைப்பது நல்லது; இல்லாவிட்டால் கையில் கிடைக்கும் எண் பெரிதா சிறிதா என்றே தெரியாது.

படி 4: அளந்த மதிப்போடு ஒப்பிடுங்கள்

ஜூனோ விண்கலம் 2023 டிசம்பர் 30 அன்றும் 2024 பிப்ரவரி 3 அன்றும் அயோவுக்கு ஏறத்தாழ 1500 கி.மீ. அருகில் பறந்தது. ஈர்ப்பு மாறினால் கலத்தின் வேகம் மாறும், வேகம் மாறினால் ரேடியோ அலையின் அதிர்வெண் டாப்ளர் விளைவால் நகரும். அந்த நகர்விலிருந்தும் பழைய கலிலியோ கலத்தின் தரவுகளிலிருந்தும் கிடைத்த கே2: 0.125, பிழை வீச்சு ±0.047.

சூத்திரத்தைத் திருப்பிப் போடுங்கள். 1.5 ÷ 0.125 = 12. ஒன்றைக் கழித்தால் 11. இதற்குத் தேவையான விறைப்புக் குணகம் சுமார் 13 ஜிகாபாஸ்கல். குளிர்ந்த பாறையைவிட இது நன்றாக இளகியது. ஆனால் மேலோட்டுக்குக் கீழே சற்று ஆழத்திலேயே பாறைக்குழம்புக் கடல் அயோ முழுதும் சூழ்ந்திருந்தால், ஓடு அடித்தளத்திலிருந்து விடுபட்டுத் தாராளமாக நெளியும். கே2 இதைவிடப் பல மடங்கு எகிறியிருக்கும். அதனால்தான் அத்தகைய கடல் இல்லை என்று 2024 டிசம்பரில் வெளியான ஆய்வு முடிவுகட்டியது. 13 என்பது உடல் முழுவதற்குமான சராசரி என்பதை மறக்க வேண்டாம். அடுக்கடுக்கான உட்புறத்தை இந்த ஒற்றை எண் பிரித்துக் காட்டாது.

படி 5: தரை எத்தனை மீட்டர் ஏறுகிறது?

(வியாழன் நிறை ÷ அயோ நிறை) × (அயோ ஆரம் ÷ சுற்றுப்பாதை ஆரம்)³ × அயோ ஆரம்

நிறை விகிதம் 21,250. சுற்றுப்பாதை ஆரம் 4,21,700 கி.மீ. விடை சுமார் 3120 மீட்டர். பயப்பட வேண்டாம், இதில் பெரும்பகுதி அசையாத நிரந்தர வீக்கம். பாதை சற்று நீள்வட்டமாக இருப்பதால் வரும் மாற்றம் மட்டுமே நமக்கு வேண்டும். எனவே 3 × 0.0041 (மையத்தொலைத்தகவு, அதாவது பாதை வட்டத்திலிருந்து எவ்வளவு விலகியது என்பதன் அளவு) ஆல் பெருக்குங்கள்: 38 மீட்டர். இதைத் தரை உயரத்துக்கான லவ் எண்ணால் பெருக்க வேண்டும். ஒரே சீரான உருண்டையில் அது கே2-இன் 5/3 பங்கு, அதாவது 0.21. கிடைப்பது 8 மீட்டர் ஏற்றம், அதே அளவு இறக்கம். அயோவின் தரை 100 மீட்டர் எழுகிறது என்று பல இடங்களில் படித்திருப்பீர்கள். 0.21-க்குப் பதில் திரவ உருண்டைக்கான 2.5-ஐப் போட்டுப் பாருங்கள், ஏறத்தாழ அந்த எண்ணே வரும்.

படி 6: தாமதத்தையும் பாருங்கள்

சனியின் டைட்டனுக்கு கே2 ஏறத்தாழ 0.6 என்று காசினி விண்கலத்தின் தரவிலிருந்து 2012இல் கணித்தார்கள். முழுக்கப் பனிக்கட்டி என்று வைத்து 3.5 ஜிகாபாஸ்கல் போட்டாலும் நம் சூத்திரம் 0.25-ஐத் தாண்டாது. ஆகவே பனிக்குக் கீழே கடல் என்று சொன்னார்கள். 2025 டிசம்பரில் அதே தரவை மீண்டும் அலசியபோது, டைட்டனின் நெளிவு சனியின் ஈர்ப்பு உச்சத்துக்குச் சுமார் 15 மணி நேரம் பின்தங்குவதாகத் தெரிந்தது. தண்ணீர் சட்டென்று வளைந்துகொடுக்கும், இவ்வளவு இழுபறி செய்யாது. அதனால் அங்கே திறந்த கடல் இல்லை, நீர்ப்பைகள் கலந்த சேறுபோன்ற பனிதான் என்கிறது அந்த ஆய்வு. கே2-இன் அளவு கிட்டத்தட்ட மாறவே இல்லை.