பரதக் கலைஞரைப் படமெடுக்க: ஸ்டுடியோவிலும் பாழடைந்த கட்டடத்திலும்

அரைமண்டியில் (முழங்காலை இருபுறமும் மடக்கித் தாழ்ந்து நிற்கும் நிலை) இருப்பவரை நாம் நின்றபடி எடுத்தால் கால் குட்டையாகவும் தலை பெரிதாகவும் விழும். கேமராவை அவர் இடுப்பு உயரத்துக்கு இறக்குங்கள். ஃபுல் ஃப்ரேம் கேமராவில் 50 முதல் 85 எம்எம் லென்ஸ் சரி. 24 எம்எம்மில் ஓரத்துக்குப் போகும் கை ரப்பர்போல நீளும். விரல் நுனியைத் தாண்டித் தாராளமாக இடம் விடுங்கள்.

ஸ்டுடியோவில் ஐஎஸ்ஓ 100, எஃப்/8, 1/160 நொடியில் தொடங்கலாம். அசைவை உறையவைப்பது ஷட்டர் அல்ல, ஃபிளாஷ். ஸ்பீட்லைட் (கேமராவில் பொருத்தும் சிறிய ஃபிளாஷ்) முழு பவரில் நீண்ட நேரம் எரிவதால் விரல்கள் கலங்கும். பவரை 1/8 அல்லது 1/16க்கு இறக்கினால் கூர்மையாக வரும். வெளிச்சம் போதாவிட்டால் இன்னொரு லைட்டைச் சேருங்கள், பவரை ஏற்றாதீர்கள். (மோனோலைட் என்னும் பெரிய ஸ்டுடியோ ஃபிளாஷில், பழையவை பலவற்றில் இது தலைகீழ்: பவரைக் குறைத்தால் எரியும் நேரம் கூடும்.) நெத்திச்சுட்டியிலும் ஒட்டியாணத்திலும் வெள்ளைத் திட்டு விழாமலிருக்கப் பெரிய சாஃப்ட்பாக்ஸ் வேண்டும், பட்டின் ஜரிகை வெளுக்காத அளவுக்கு எக்ஸ்போஷர் வையுங்கள்.

பேக்கிரவுண்ட் பேப்பரை நான்கு பக்கமும் டேப் போட்டு ஒட்டாவிட்டால் ஒரே தட்டில் கிழியும், இல்லையென்றால் வழுக்கும். வியர்த்த காலில் பூசிய ஆல்தா என்னும் சிவப்புச் சாயம் வெள்ளைப் பேப்பரில் சிவப்புச் சுவடாகப் பதியும். ரோலில் கூடுதலாக இரண்டு மீட்டர் இருக்கட்டும்.

பாய்ச்சலுக்கு பர்ஸ்ட் மோடை (தொடர்ந்து படபடவென எடுப்பதை) நம்பாதீர்கள். ஃபிளாஷ் ரீசார்ஜ் ஆகாமல் பாதிப் படங்கள் இருட்டாகிவிடும். சொல்லுக்கட்டை (ஆட்டத்துக்கான தாளச் சொற்களை) அவரையே வாய்விட்டுச் சொல்லச் சொல்லி, தாளத்தைப் பிடித்துக்கொண்டு, உடல் உச்சியை எட்டுவதற்கு ஒரு கணம் முன்பே அழுத்துங்கள். கண்ணால் பார்த்தபின் அழுத்தினால் அவர் இறங்கிக்கொண்டிருப்பார்.

பாழடைந்த ஆலை, பூட்டிக் கிடக்கும் பழைய வீடு என்றால் உரிமையாளரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். முதல் தடவை கலைஞர் இல்லாமல் பகலில் போய்ப் பாருங்கள்: தளர்ந்த கூரை, மாடித் தளம், குளவிக்கூடு, பாம்பு. ஆடுபவர் வெறுங்காலில் நிற்பார் என்பது மறக்கவே கூடாதது. இரண்டு தடவை பெருக்கி, காந்தத்தால் ஆணி பொறுக்கி, டார்ச்சைத் தரையோடு சாய்த்துப் பிடியுங்கள். கண்ணாடித் துகள் அப்போதுதான் மின்னும். சிமெண்டுத் தரையில் குதிக்கவைப்பது முழங்காலுக்குக் கேடு. அங்கே நிலைகளையும் அபிநயத்தையும் எடுங்கள், பாய்ச்சலை ஸ்டுடியோவுக்கு விடுங்கள்.

ஜன்னலுக்கு மிக அருகே நிறுத்தினால் ஒரு கை வெளுக்கும், மறு கை இருளும். இரண்டு மீட்டர் தள்ளி நிறுத்தி, இருண்ட பக்கம் தெர்மகோல் பலகை வையுங்கள். எஃப்/2.8, 1/500, ஐஎஸ்ஓ 1600 முதல் 3200 வரை போகலாம்; காரை உதிர்ந்த சுவருக்குக் கொஞ்சம் கிரெயின் பொருந்தும். திறந்த முற்றத்தில் உச்சிவெயில் கண்ணைக் குழியாக்கும். அந்நேரம் கலைஞரைத் தாழ்வார நிழலில், முற்றத்தைப் பார்த்து நிறுத்துங்கள்.

லைட்டைக் கலைக்கும் முன் படங்களை அவரிடம் காட்டுங்கள். நமக்குப் பிடித்த படத்தில் முழங்கை தொங்கியிருக்கும், முத்திரையில் ஒரு விரல் மடங்கியிருக்கும். அதை அவர் எங்கும் போடமாட்டார்.