லூப்பை மூடியதும் முளைத்த நான்கு புள்ளிகள்

அடாப்டிவ் ஆப்டிக்ஸ் என்பது ஒளியின் அலைமுகப்பு குலைவதை உணரியால் அளந்து, உருமாறும் ஆடியால் உடனுக்குடன் திருத்தும் முறை. அதற்கான சோதனைப் பெஞ்சில் லூப்பை மூடியதும், அதாவது உணரியின் அளவீட்டை வைத்தே ஆடியை இயங்கவிட்டதும், செயற்கை விண்மீனின் பிம்பம் அழகாகக் குவிந்தது. கொஞ்ச நேரத்தில் மையத்தைச் சுற்றி நான்கு மூலைகளிலும் மங்கலான புள்ளிகள் முளைத்தன. உணரியோ பிழையே இல்லை என்று சாதித்துக்கொண்டிருந்தது. அதுதான் துப்பு.

உருமாறும் ஆடிக்குப் போகும் மின்னழுத்தங்களை வரைந்து பார்த்தேன். அச்சு அசல் சதுரங்கப் பலகை: ஓர் ஆக்சுவேட்டர் (ஆடியைத் தள்ளி இழுக்கும் உறுப்பு) மேலே, பக்கத்தில் இருப்பது கீழே. ஆடி எடுக்கும் இந்த வடிவத்துக்கு வாஃபிள் மோடு என்று பெயர். ஷாக்-ஹார்ட்மன் உணரி அலைமுகப்பின் உயரத்தை அளப்பதில்லை. ஒவ்வொரு குட்டி வில்லையிலும் சராசரிச் சாய்வை மட்டுமே அளக்கிறது. ஃபிரைட் அமைப்பில் ஆக்சுவேட்டர்கள் அந்த வில்லைகளின் நான்கு மூலைகளில் நிற்கும். எதிரெதிர் மூலைகள் இரண்டு ஏறி, மற்ற இரண்டு இறங்கினால் சராசரிச் சாய்வு பூஜ்யம். உணரிக்கு ஒன்றும் தெரியாது. ஒவ்வொரு சுற்றின் திருத்தத்தையும் பழைய கட்டளையோடு சேர்க்கும் இன்டெக்ரேட்டர் பாட்டுக்கு இரைச்சலைக் கூட்டிக்கொண்டே போகும்.

கெயினை, அதாவது ஒரு சுற்றில் எவ்வளவு திருத்தம் சேர்ப்பது என்ற அளவை, குறைத்தேன். புள்ளிகள் மெதுவாக வந்தன, அவ்வளவுதான்.

சரி என்று இன்டராக்‌ஷன் மேட்ரிக்ஸை (எந்த ஆக்சுவேட்டர் அசைந்தால் உணரியில் என்ன தெரியும் என்ற அட்டவணை) எஸ்விடி செய்து, அதாவது தனித்தனி மோடுகளாகப் பிரித்து, மிகச் சிறிய சிங்குலர் மதிப்பு கொண்டவற்றை, அதாவது உணரிக்கு அநேகமாகத் தெரியாதவற்றை, விட்டுவிட்டு ரீகன்ஸ்ட்ரக்டரை (உணரி அளவீட்டை ஆடிக்கான கட்டளையாக மாற்றும் மேட்ரிக்ஸ்) கட்டினேன். விட்டவற்றில் ஒன்று அந்தச் சதுரங்கமேதான். பேராசையோடு வெட்டினால் உருப்படியான மோடுகளும் போய்விடும், கவனம். அப்புறம் இன்டெக்ரேட்டருக்கு ஒரு சின்னக் கசிவு: ஒவ்வொரு சுற்றிலும் பழைய கட்டளையை 0.99-ஆல் பெருக்குவது. இரவு முழுக்க ஓடவிட்டேன், புள்ளிகள் வரவில்லை.