கறுப்பு வெள்ளை பிரிண்ட்டுக்கு ஸ்ப்ரே அடிக்கும்போது செய்யக்கூடாதவை

மினுக்கமில்லாத மேட் பேப்பரில் இன்க்ஜெட் பிரிண்டரில் போட்ட கறுப்பு வெள்ளைப் படத்தில், நல்ல அடர்ந்த கறுப்பு உள்ள இடத்தில் ஒரு தடவை நகம் பட்டால் போதும், பளபளவென்று ஒரு கோடு விழுந்துவிடும். பிக்மென்ட் மை நுண்ணிய துகள்களாகக் காகிதத்தின் மேற்பரப்பிலேயே தங்கிவிடுகிறது. கலர் படம் என்றால் சின்னக் கீறல் கண்ணில் படாமல் போகலாம். கறுப்பு வெள்ளையில் அப்பட்டமாகத் தெரியும். அதற்காகத்தான் படத்தின் மேல் பாதுகாப்புப் பூச்சாக ஸ்ப்ரே அடிக்கிறோம். ஆனால் தப்பான நாளில் அடித்தால், அந்தக் கறுப்பைத்தான் முதலில் இழப்போம்.

என் பாட்டியின் படம் ஒன்றை அப்படித்தான் கெடுத்தேன். ஐப்பசி அடைமழை, மறுநாளே ஊருக்குக் கொண்டுபோக வேண்டும் என்ற அவசரம். அடித்த சில நிமிடத்தில் சேலையின் கரிய மடிப்புகள் மேல் பாலாடை படிந்த மாதிரி வெளுத்துவிட்டது. லாக்கர் (வேகமாகக் காயும் வார்னிஷ் போன்ற பூச்சு) வகை ஸ்ப்ரேயில் உள்ள கரைப்பான் ஆவியாகும்போது பரப்பு குளிர்கிறது. காற்றின் ஈரம் அங்கே படிந்து பூச்சுக்குள் சிக்கிக்கொள்கிறது. கனமாக அடித்தால் இன்னும் மோசம். உலர்ந்த நாளில் மேலே ஒரு மெல்லிய பூச்சு கொடுத்தால் சில சமயம் தெளியும், எப்போதும் அல்ல. மழை நாளில் டப்பாவைத் தொடாமல் இருப்பதே நல்லது.

அச்சான சூட்டோடு அடிப்பது அடுத்த தவறு. தொட்டால் காய்ந்த மாதிரிதான் இருக்கும், ஆனால் மையில் உள்ள கிளைகால் (glycol) என்ற திரவம் மெதுவாகத்தான் வெளியேறும். ஒரு நாளாவது விடுங்கள்.

அப்புறம் தூசி. பருத்திக் காகிதத்தில் நார்த் துகள் ஒட்டியிருக்கும். அச்சடிக்கும் முன்பே மென்மையான பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள். பிறகு அது உதிர்ந்தால், இருந்த இடத்தில் வெள்ளைப் புள்ளிதான் மிஞ்சும். ஸ்ப்ரே அடிக்கும் முன் இன்னொரு முறை பாருங்கள். பூச்சுக்குள் மாட்டிய முடியை எடுக்க முடியாது.

ஒரே தடவையில் நனைய நனைய அடிக்காதீர்கள். டப்பாவை நன்றாகக் குலுக்கி, 20 முதல் 30 செ.மீ. தள்ளிப் பிடியுங்கள். படத்துக்கு வெளியே அழுத்த ஆரம்பித்து, மறுபக்கம் தாண்டியபின் விரலை எடுங்கள். படத்தின் மேலேயே ஆரம்பித்தால் முதலில் தெறிக்கும் துளி அங்கேயே உட்காரும். முதல் பூச்சு இடவலமாக, காய்ந்தபின் அடுத்தது மேலிருந்து கீழாக. இரண்டு மூன்று மெல்லிய பூச்சு போதும்.

ஹேர் ஸ்ப்ரே வேண்டவே வேண்டாம். டை மையில் (துகளாக இல்லாமல் கரைந்திருக்கும் சாய மை) அச்சான படத்துக்குத் தண்ணீர் கலந்த வார்னிஷும் ஆகாது, மை கசிந்துவிடும். இன்க்ஜெட் பிரிண்ட்டுக்கென்றே விற்கும் ஸ்ப்ரேயை வாங்குங்கள். அதையும் நேராக நல்ல படத்தில் அடிக்காமல், அதே பேப்பரில் கறுப்பிலிருந்து வெள்ளை வரை படிப்படியாக ஒரு பட்டை அச்சடித்து, பாதியை மூடி, மீதியில் அடித்துப் பாருங்கள். கறுப்பு எவ்வளவு ஆழமாகிறது, எவ்வளவு மினுக்கம் ஏறுகிறது என்பது ஜன்னலோரம் சாய்த்துப் பிடித்தால் தெரிந்துவிடும்.

துணி மாஸ்க்கும் சாதாரண தூசி மாஸ்க்கும் கரைப்பான் ஆவியைத் தடுக்காது. அதற்கென்று கார்பன் வடிகட்டி வைத்த முகமூடி வேண்டும். ஜன்னல் திறந்திருக்கட்டும், பக்கத்தில் அடுப்போ விளக்கோ எரியக் கூடாது.