பெரிய நாயை முதல் டாக் ஷோவுக்குத் தயார் செய்வது எப்படி?

கிரேட் டேன், ராட்வீலர், செயின்ட் பெர்னார்ட், நம்மூர் ராஜபாளையம் என எதுவானாலும் ரிங்குக்குள் (நடுவர் நாயைப் பார்க்கும் போட்டி வளையம்) பலத்தைக் காட்டி நிறுத்திவிடலாம் என்று நினைக்க வேண்டாம். 50 கிலோ நாய் 'வரமாட்டேன்' என்று உட்கார்ந்துவிட்டால் அதோடு சரி. ஷாம்பு, சீப்பு, புதுக் கழுத்துப்பட்டை எல்லாம் கடைசி வாரத்து வேலை. நிற்கவும் நடக்கவும் வாயைக் காட்டவும் பழக்குவதற்குக் குறைந்தது 3 மாதம் ஒதுக்குங்கள்.

படி 1: பேப்பர் வேலை

இங்கே பெரும்பாலான ஷோக்களை, சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட கென்னல் கிளப் ஆஃப் இந்தியாவோடு (கே.சி.ஐ.) இணைந்த உள்ளூர் கிளப்புகள்தான் நடத்துகின்றன. கே.சி.ஐ. பதிவுச் சான்று உங்கள் பெயருக்கு மாறியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். குட்டி வாங்கியதோடு பலர் இதை மறந்துவிடுகிறார்கள். நாயின் தோள்பட்டைகளுக்கு நடுவே தோலுக்கடியில் இருக்கும் மைக்ரோசிப்பை ஒருமுறை ஸ்கேன் செய்யச் சொல்லி, 15 இலக்க எண் சான்றில் உள்ளதோடு பொருந்துகிறதா என்று சரிபாருங்கள். நுழைவுப் படிவம் வாரக்கணக்கில் முன்பே மூடப்பட்டுவிடும். அன்றைக்கே போய்ச் சேர்ந்துகொள்ளலாம் என்ற எண்ணம் வேண்டாம்.

வகுப்பு வயதுப்படி பிரிக்கப்படும். ஷோ நடக்கும் நாளில் நாயின் வயது என்ன என்பதுதான் கணக்கு. பெரிய இனங்கள் முழு உடம்பு பிடிக்க 2 முதல் 3 வருடம் ஆகும். ஒன்றரை வயதுகூட ஆகாத டேனை, வளர்ந்த நாய்கள் போட்டியிடும் ஓப்பன் வகுப்பில் போட்டால் 4 வயது நாய்களுக்குப் பக்கத்தில் ஒல்லிப்பிச்சானாகத் தெரியும். வயதுக்கேற்ற ஜூனியர் வகுப்பே நல்லது.

தடுப்பூசி அட்டையில் ரேபிஸும், டிஸ்டெம்பர், பார்வோவுக்கான கூட்டு ஊசியும் இருக்க வேண்டும். ஷோவுக்கு முதல் நாள் போட்ட ஊசியால் பயனில்லை. பாதுகாப்பு உருவாக 2, 3 வாரம் பிடிக்கும்.

படி 2: தரை, நகம், எடை

நடுவர் முதலில் பார்ப்பது காலைத்தான். அந்தக் காலைக் கெடுப்பது பெரும்பாலும் நம் வீட்டுத் தரை. மொசைக்கிலும் டைல்ஸிலும் வளரும் குட்டி வழுக்காமல் நிற்பதற்காக விரல்களை விரித்து, பாதத்தை வெளிப்பக்கம் திருப்பி நிற்கப் பழகிவிடும். நாய் புழங்கும் இடமெல்லாம் ரப்பர் மிதியடியோ தேங்காய் நார் மிதியடியோ போடுங்கள். கூடவே நகம். நிற்கும்போது நகம் தரையைத் தொட்டால் நீளம் என்று அர்த்தம். ஒரே நாளில் குறைத்துவிடலாம் என்று வெட்டினால் உள்ளிருக்கும் ரத்தக்குழாய் அறுபடும். அதற்கப்புறம் அந்த நாய் பாதத்தைத் தொடவே விடாது. வாரத்துக்கு ஒருமுறை 1 மில்லிமீட்டர் அளவுக்கு வெட்டி வந்தால் ரத்தக்குழாயும் தானாகப் பின்வாங்கும்.

கால் வளைந்தால் கால்சியம் சிரப் ஊற்றுவது ஊர்ப் பழக்கம். பெரிய இனக் குட்டிக்கான தீவனம் கொடுப்பவர்கள் அதைத் தொடவே வேண்டாம். சுமார் 6 மாதம் வரை குட்டியின் குடலுக்கு மிகுதியான கால்சியத்தைத் தடுத்து நிறுத்தத் தெரியாது. கொடுத்ததில் பெரும்பகுதி உடம்பில் ஏறி எலும்பு வளர்ச்சியைக் குழப்பும். எலும்பில்லாத கறியும் சோறும் மட்டுமே தின்னும் குட்டிக்கு நேர்மாறாகக் கால்சியம் பற்றாது. அந்த அளவைக் கால்நடை மருத்துவர் எடை பார்த்துச் சொல்லட்டும்.

விலா எலும்பைத் தடவினால் விரலில் தட்டுப்பட வேண்டும். கொழுகொழு குட்டியைப் பார்க்க ஆசையாகத்தான் இருக்கும், ஆனால் மூட்டுக்கு அது சுமை. ஏறக்குறைய 18 மாதம் ஆகும்வரை பைக்கோடு சேர்த்து ஓடவிடுவது, மாடிப்படி ஏற்றி இறக்குவது, ஜீப்பிலிருந்து குதிக்கவிடுவது எதுவும் கூடாது.

உயரத்தைத் தோள் மேட்டில் (கழுத்து முதுகோடு சேரும் இடம்) அளக்க வேண்டும். கிரேட் டேன் ஆணுக்கு 80 முதல் 90 செ.மீ., பெண்ணுக்கு 72 முதல் 84 செ.மீ.; ராஜபாளையத்துக்கு 65 முதல் 75 செ.மீ. என்பது தர அளவு. ராஜபாளையம் குட்டியானால் பின்னால் நின்று கைதட்டி காது கேட்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். வெள்ளை நிறத்தோடு செவிட்டுத்தன்மை சேர்ந்து வருவது இந்த இனத்தில் உண்டு.

படி 3: நிற்க வைப்பது

இதற்குத்தான் அதிக நேரம் போகும். ஒரு தடவைக்கு 5 நிமிடம், நாளுக்கு இரண்டு தடவை. உணவுக்கு முன் பசியோடு இருக்கும்போது செய்யுங்கள். கோழி ஈரலை உப்பு, மசாலா இல்லாமல் 15 நிமிடம் வேகவைத்து, சுண்டுவிரல் நகம் அளவுக்கு நறுக்கி, தோசைக்கல்லில் சிறு தீயில் ஈரம் போக வாட்டி எடுங்கள். கையில் ஒட்டாது, பாக்கெட்டும் நாறாது. (ரிங்கில் நாயைக் காட்டும் ஹேண்ட்லர்கள் சிலர் ஈரலைத் தங்கள் வாயிலேயே அடக்கி வைத்துக்கொண்டு கொடுப்பார்கள். அந்த அளவுக்குப் போக வேண்டாம், இடுப்பில் ஒரு சின்னப் பை போதும்.)

மெல்லிய ஷோ லீஷை (நாயைப் பிடிக்கும் வார்) காதுக்குப் பின்னால் உயரத்தில் மாட்டுங்கள். ஒரு கையால் தலையைப் பிடித்துக்கொண்டு, முன்னங்காலை முழங்கை மூட்டில் பிடித்துத் தூக்கி, தோளுக்கு நேர் கீழே விழும்படி வையுங்கள். பாதத்தைப் பிடித்து இழுத்தால் நாய் காலை உருவிக்கொள்ளும். அடுத்தது பின்னங்கால். குதிமூட்டுக்குக் கீழ் உள்ள பகுதி தரைக்குச் செங்குத்தாக இருக்க வேண்டும். 3 விநாடி அசையாமல் நின்றால் ஒரு துண்டு ஈரல். அப்படியே 10, 30 விநாடி, 2 நிமிடம் என்று கூட்டுங்கள்.

இதில் வழக்கமாக வரும் தவறுகள்:

பின்னங்காலை அதிகம் பின்னுக்கு இழுத்துவிடுவது. இதனால் இடுப்பு சரிந்து தெரியும். வயிற்றுக்கடியில் தள்ளி வைத்தால் முதுகு கூன் போடும்.

லீஷை மேலே இறுக்குவது. முன்பாதம் தரையில் பதியாமல், முழங்கை வெளியே பிதுங்கும்.

தீனியை உயரத்தில் காட்டுவது. நாய் உட்கார்ந்துவிடும். மூக்குக்கு நேராக, ஒரு முழம் தள்ளிக் காட்டுங்கள்.

உங்கள் கண்ணை மட்டும் நம்பாதீர்கள். வேறொருவரை நாயின் உயரத்துக்குக் குனிந்து பக்கவாட்டில் படம் எடுக்கச் சொல்லுங்கள். நின்றபடி எடுத்த படத்தில் எல்லா நாய்க்கும் கால் குட்டையாகத்தான் தெரியும்.

படி 4: வாய், உடம்பு

நடுவர் பல் கேட்பார். இரண்டு உதட்டையும் விலக்கி முன்பற்களையும், பிறகு இரு பக்கமும் காட்டப் பழக்குங்கள். ஆண் நாயில் இரண்டு விரையும் கீழே இறங்கியிருக்கின்றனவா என்று தொட்டும் பார்ப்பார். வீட்டு ஆட்களிடம் மட்டும் பழகிய ராட்வீலர் இந்த இடத்தில்தான் உறுமும். உறுமிக் கடிக்கப் பாய்ந்தால் ரிங்கை விட்டு அனுப்பிவிடுவார்கள். கிளப்பின் பயிற்சி நாட்களுக்குக் கூட்டிப் போங்கள். தொப்பி போட்டவர், குடை பிடித்தவர், தாடி வைத்தவர் என்று பழக்கமில்லாத ஆட்கள் பத்துப் பேராவது நாயைத் தொட்டுப் பார்த்திருக்க வேண்டும்.

படி 5: நடை

நாய் உங்கள் இடப்பக்கம். ரிங்கில் இடஞ்சுழியாகச் சுற்றுவீர்கள், எனவே நாய் நடுவரின் பக்கம் இருக்கும். குறுக்குக் கால்கள் ஒன்றாக எழும் டிராட் நடைதான் தேவை. நீங்கள் மெதுவாகப் போனாலோ நாய் களைத்தாலோ ஒரே பக்கத்துக் கால்கள் ஒன்றாக எழும் பேசிங் நடைக்கு மாறிவிடும். லீஷை லேசாக மேலே ஒரு சுண்டு சுண்டி, வேகத்தைக் கூட்டினால் சரியாகும். 30 மீட்டர் போய்த் திரும்புவது, முக்கோணம், வட்டம் மூன்றையும் புல்தரையில் பழகுங்கள். செருப்பு வேண்டாம், ஷூ போடுங்கள்.

படி 6: பயணமும் ஷோ நாளும்

குறுமயிர் நாய்களை முதல் நாள் குளிப்பாட்டினால் போதும். ஊட்டியில் மே மாதம் நடக்கும் தென்னிந்திய கென்னல் கிளப் ஷோவுக்குப் போவதானால், மேட்டுப்பாளையம் தாண்டிய வளைவுகளில் நாய் வாந்தி எடுக்கும். கடைசிச் சாப்பாடு கிளம்புவதற்கு 4, 5 மணி நேரம் முன்பே முடிந்திருக்கட்டும். சமவெளி டேனுக்கு அங்கே காலைக் குளிர் தாங்காது, ஒரு போர்வை எடுத்துக்கொள்ளுங்கள்.

மற்ற ஊர்களில் வெயில்தான் எதிரி. வீட்டிலிருந்தே 5 லிட்டர் தண்ணீர், பெரிய குடை, நனைத்த பருத்தித் துண்டு. துண்டை நாய் மேல் போர்த்தாமல் கீழே விரித்துப் படுக்க வையுங்கள். போர்த்தினால் உடற்சூடு வெளியேறாது. இயல்பான உடல்வெப்பம் 38.3 முதல் 39.2 டிகிரி செல்சியஸ். 40.5-ஐத் தாண்டினால் வயிறு, தொடை இடுக்கில் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே மருத்துவரிடம் ஓடுங்கள். பூட்டிய காரில் ஒரு நிமிடம்கூட விட்டுப் போகக் கூடாது.

வயிறு நிறையத் தின்றுவிட்டு ஓடும் பெரிய நாய்க்கு இரைப்பை உப்பி முறுக்கிக்கொள்ளும் ஆபத்து அதிகம். டேன்களில் மிக அதிகம். வாந்தி எடுக்க முயன்று எதுவும் வராமல் தவிப்பது, வயிறு பறை போல் இறுகுவது, எச்சில் ஒழுக நிலைகொள்ளாமல் அலைவது இதற்கு அடையாளம். இது அறுவை சிகிச்சை கேஸ், சில மணி நேரத்தில் உயிர் போகும். 'காற்றுதான், சரியாகிவிடும்' என்று சோடா மாத்திரை கொடுத்து நேரத்தைக் கழிக்காதீர்கள்.

படி 7: ரிங்குக்குள்

எண் அட்டையை இடது கையில் கட்டி, அழைக்கும் முன்பே வாசலில் நில்லுங்கள். நடுவருக்கும் நாய்க்கும் நடுவே நீங்கள் வரக் கூடாது. முன்னால் போகும் நாயிலிருந்து இரண்டு நாய் நீளமாவது இடைவெளி விடுங்கள். நடுவர் வேறு நாயைப் பார்க்கும்போது உங்கள் நாய் தளர்ந்து நிற்கட்டும். 20 நிமிடம் விறைப்பாக நிற்க எந்த நாயாலும் முடியாது. உங்களுக்கு முந்தைய நாயின் முறை வந்ததும் மறுபடி நிறுத்தத் தொடங்குங்கள்.

முடிந்ததும் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். சாப்பாடு ஒரு மணி நேரம் கழித்துத்தான். வீட்டுக்குள் விடும் முன் விரலிடுக்கு, காதுமடல், வாலடியில் உண்ணி இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். அடுத்த 10 நாளில் வறட்டு இருமல் வந்தால் வீட்டிலுள்ள மற்ற நாய்களிடமிருந்து பிரித்துக் கட்டுங்கள். கென்னல் காஃப் என்ற இந்தத் தொற்று இருமல் ஷோ மைதானத்தில்தான் சுலபமாகத் தொற்றும்.