இரத்த வாயு அறிக்கையில் 38 என்ற எண் எப்போது ஆபத்து?

இரத்த வாயுப் பரிசோதனை, இரத்தத்தின் அமில-கார நிலையைக் காட்டுவது. அதற்கு மணிக்கட்டுத் தமனியிலிருந்து ஹெப்பாரின் (இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து) கலந்த சிரிஞ்சில் இரத்தம் எடுத்ததும், காற்றுக் குமிழ்களை வெளியேற்றிவிட்டு, அரை மணி நேரத்துக்குள் கருவியில் ஏற்றிவிட வேண்டும். குமிழ் தங்கிவிட்டால் கார்பன் டை ஆக்சைடு உள்ளதைவிடக் குறைவாகக் காட்டும். பிறகு போடும் கணக்கெல்லாம் வீண்.

அறிக்கையில் முதலில் பிஎச் அளவைப் பாருங்கள். 7.35 முதல் 7.45 வரை இயல்பு. அதற்குக் கீழே அமிலம் மிகுதி, மேலே காரம் மிகுதி. அடுத்து, நுரையீரல் வெளியேற்றும் கார்பன் டை ஆக்சைடையும் (35–45 மி.மீ. பாதரசம்), சிறுநீரகம் காக்கும், காரத்தன்மை கொண்ட பைகார்பனேட்டையும் (லிட்டருக்கு 22–26 மில்லிமோல்) ஒப்பிடுங்கள். முன்னது கூடினால் அமிலம் கூடும், பின்னது குறைந்தாலும் அமிலம் கூடும். பிஎச் நகர்ந்த திசைக்கு எது இழுத்திருக்கிறதோ, அதுவே மூலக் கோளாறு. மற்றது ஈடுசெய்யும் முயற்சி. நுரையீரல் சில நிமிடங்களிலேயே ஈடுசெய்யத் தொடங்கிவிடும். சிறுநீரகத்துக்குச் சில நாட்கள் பிடிக்கும்.

இன்சுலினை நிறுத்திவிட்டு, வாந்தியும் மூச்சிரைப்புமாக வந்த ஒரு நீரிழிவு நோயாளியின் அறிக்கை இப்படி இருப்பதாகக் கொள்வோம்: பிஎச் 7.22, கார்பன் டை ஆக்சைடு 20, பைகார்பனேட் 8, சோடியம் 136, குளோரைடு 104. பைகார்பனேட் சரிந்ததே மூலக் கோளாறு. சோடியத்திலிருந்து குளோரைடையும் பைகார்பனேட்டையும் கழித்தால் வரும் எதிரயனி இடைவெளி 24. இயல்பாக அது 8 முதல் 12 வரை இருக்கும். அளக்கப்படாத அமிலம், இங்கே இன்சுலின் இல்லாதபோது கொழுப்பு சிதைந்து உருவாகும் கீட்டோன், சேர்ந்திருக்கிறது என்பது இதன் பொருள். (ஆல்புமின் என்ற இரத்தப் புரதம் குறைந்தவர்களுக்கு இந்த இடைவெளி பொய்யாகச் சுருங்கித் தோன்றும், அதை மறக்கக் கூடாது.)

பலரும் இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள், நிறுத்தக் கூடாது. பைகார்பனேட்டை 1.5 ஆல் பெருக்கி 8 கூட்டினால், உடல் சரியாக ஈடுசெய்யும்போது இருக்கவேண்டிய கார்பன் டை ஆக்சைடு கிடைக்கும். 2 கூடலாம், குறையலாம். இவருக்கு அது 20. ஆழ்ந்து, விரைந்து மூச்சுவிட்டு அவர் அதைச் சரியாக எட்டியிருக்கிறார்.

இரண்டு மணி நேரம் கழித்து பைகார்பனேட் அதே 8 ஆக இருக்க, கார்பன் டை ஆக்சைடு 38 என்று வந்தால்? எண் இயல்பு எல்லைக்குள் இருப்பதால் கருவி அதற்கு எச்சரிக்கைக் குறி இடாது. மூச்சிரைப்பு தணிந்ததைக் கண்டு உறவினர்களும் நிம்மதி அடைவார்கள். உண்மையில் மூச்சுத் தசைகள் ஓய்ந்துவிட்டன; பிஎச் 6.95 க்கு இறங்கியிருக்கும். உடனே தீவிர சிகிச்சைக் குழுவை அழைக்க வேண்டும். வென்டிலேட்டரில் இணைக்க நேர்ந்தால், அதையும் வழக்கமான வேகத்தில் வைத்துவிடாமல், அவர் தாமாக விட்டுக்கொண்டிருந்த வேகமான மூச்சுக்கு ஈடாக அமைக்க வேண்டும்.