அரபு இலக்கணம்: ‘அல்’லையும் கடைசிக் குறியையும் பிடித்துக்கொண்டு தொடங்குவது

அரபு எழுத்தைக் கூட்டி வாசிக்கத் தெரிந்த பலர், இலக்கணம் என்றதும் நேரே வினைச்சொல் அட்டவணைக்குப் போய்விடுகிறார்கள். ஃபஅல, ஃபஅலா, ஃபஅலூ என்று 14 வடிவங்களை மனப்பாடம் செய்து முடிப்பதற்குள் ஆர்வம் வற்றிவிடும். அட்டவணை காத்திருக்கட்டும். இரண்டு பெயர்ச்சொற்கள் அடுத்தடுத்து நின்றால் அது வெறும் சொற்றொடரா, முழு வாக்கியமா, ‘இன்னாருடையது’ என்ற உறவா என்று சொல்லத் தெரிவதுதான் முதல் வேலை. அதற்குப் பார்க்க வேண்டியவை இரண்டு: சொல்லின் தலையில் ‘அல்’ இருக்கிறதா, கடைசி எழுத்தில் என்ன குறி (உயிரொலிக் குறி) இருக்கிறது.

இங்கே வசதிக்காகத் தமிழ் எழுத்தில் எழுதியிருக்கிறது. உங்கள் நோட்டில் அப்படிச் செய்யாதீர்கள். இதயத்துக்கும் நாய்க்கும் தமிழில் ‘கல்பு’ என்றுதான் எழுத வரும். அரபியில் ஒன்று காஃப் (ق), மற்றது காஃப் (ك) என்று முதல் எழுத்தே வேறு.

அரபுச் சொற்கள் மூன்று வகை: இஸ்மு (பெயர்), ஃபிஃலு (வினை), ஹர்ஃபு (இடைச்சொல்). ‘அல்’லும் தன்வீனும் பெயர்ச்சொல்லின் அடையாளங்கள். நம் ‘புதிய’, ‘பெரிய’ போன்ற அடைகளும் அங்கே இஸ்முதான். தன்வீன் என்பது கடைசிக் குறியை இரட்டிப்பது. ‘ன்’ ஒலி வரும், ஆனால் நூன் எழுதப்படாது. கிதாபுன் என்றால் ஏதோ ஒரு புத்தகம். அல்கிதாபு என்றால் நாம் பேசிக்கொண்டிருக்கும் அந்தப் புத்தகம். இரண்டும் ஒரே சொல்லில் சேராது; ‘அல்கிதாபுன்’ என்று எழுதியிருந்தால் அது பிழை. ‘அல்’லை எப்போதும் ‘அந்த’ என்று பெயர்க்கவும் கூடாது. அல்ஹம்து என்பதில் அது புகழ் முழுவதையும் குறிக்கிறது.

கடைசிக் குறிதான் அரபியின் வேற்றுமை. தமிழில் எட்டு, அங்கே பெயருக்கு மூன்றே.

உகரம் (ளம்மு, மக்தபில், அதாவது சிறுவர் ஓதும் பள்ளியில், சொல்லும் பேஷ்) – ரஃப்உ. எழுவாய்க்கும் பயனிலைப் பெயருக்கும்.
அகரம் (ஃபத்ஹு, ஜபர்) – நஸ்பு. ‘ஐ’ உருபு வரும் இடம். ஃபதஹ்துல் கிதாப: புத்தகத்தைத் திறந்தேன்.
இகரம் (கஸ்ரு, ஜேர்) – ஜர்ரு. ஃபீ (இல்), மின் (இருந்து), இலா (இடம் நோக்கி), அலா (மேல்) போன்றவற்றுக்குப் பின்னும், உடைமைத் தொடரின் இரண்டாம் சொல்லிலும். ஃபில் கிதாபி: புத்தகத்தில்.

நிறுத்தி வாசிக்கும்போது இந்தக் குறி பெரும்பாலும் விழுந்துவிடும். கிதாபுன் ‘கிதாப்’ ஆகிவிடும். பேச்சு வழக்கிலும் அப்படித்தான், ஆகவே வளைகுடாவில் காதால் கேட்டு அரபு பழகியவர்களுக்கு இந்தப் பகுதி புதிதாகவே இருக்கும். பயிற்சி செய்யும்போது ஒவ்வொரு சொல்லையும் குறியோடு முழுதாக உச்சரியுங்கள்.

இனி நான்கு வடிவங்கள். ஜதீத் என்றால் புதியது, வலத் என்றால் பையன்.

1. கிதாபுன் ஜதீதுன் – ஒரு புதிய புத்தகம்.
2. அல்கிதாபுல் ஜதீது (அல்கிதாபு + அல்ஜதீது) – அந்தப் புதிய புத்தகம்.
3. அல்கிதாபு ஜதீதுன் – அந்தப் புத்தகம் புதிது.
4. கிதாபுல் வலதி (கிதாபு + அல்வலதி) – அந்தப் பையனுடைய புத்தகம்.

இரண்டிலும் ‘அல்’ இருந்தாலோ இரண்டிலும் இல்லாவிட்டாலோ பெரும்பாலும் அடைத்தொடர். முதற்சொல்லில் ‘அல்’ இருந்து, இரண்டாவதில் இல்லையென்றால் வாக்கியம். முதற்சொல்லில் இல்லாமல் இரண்டாவதில் இருந்தால் உடைமைத் தொடர். குறிகள் அச்சிடாத நாளிதழில்கூட இந்தக் கணக்கு கைகொடுக்கும்.

மூன்றாவது வடிவம் தமிழருக்குச் சிரமமே தராது. ‘புத்தகம் புதிது’ என்று நாமும் வினை இல்லாமல்தான் சொல்கிறோம். எழுவாய் முப்ததா, பயனிலை கபர். அல்ஹம்து லில்லாஹி (புகழ் அல்லாஹ்வுக்கு) என்பதும் இப்படியொரு முழு வாக்கியம்: அல்ஹம்து முப்ததா, லில்லாஹி கபர். பயனிலையிலும் ‘அல்’ வர வேண்டியிருந்தால் நடுவில் ‘ஹுவ’ (அவன்) போட்டு அடைத்தொடரிலிருந்து பிரித்துக் காட்டுவார்கள்: அல்வலது ஹுவல் முதீரு – பையன்தான் மேலாளர்.

தடுமாற்றம் முதல் இரண்டில் வரும், ஏனென்றால் நம் அடை முன்னால் நிற்கும், அரபு அடை பின்னால் நிற்கும். நிற்பதோடு முடியாது: பால், எண், வேற்றுமை, ‘அல்’ ஆகிய நான்கிலும் அது பெயரைப் பின்பற்ற வேண்டும். கடைசியில் தா மர்பூத்தா (ة என்ற எழுத்து) வந்தால் பெரும்பாலும் பெண்பால்: ஸய்யாரத்துன் ஜதீதத்துன், ஒரு புதிய கார். தா மர்பூத்தா இல்லாமலே பெண்பாலாக இருப்பவையும் உண்டு: ஷம்ஸ் (சூரியன்), நார் (நெருப்பு), அர்ள் (பூமி), யத் (கை), ஐன் (கண்). ஹம்ஸா, தல்ஹா போன்ற ஆண் பெயர்கள் தா மர்பூத்தாவில் முடிந்தும் ஆண்பாலே.

பன்மையில் ஒரு விதி விசித்திரமாகத் தெரியும்: மனிதரல்லாதவற்றின் பன்மைக்குப் பெண்பால் ஒருமை அடை. குதுபுன் ஜதீதத்துன், புதிய புத்தகங்கள். உயர்திணை, அஃறிணை என்று பிரித்துப் பழகிய நமக்கு இது பிடிபட அதிக நேரம் ஆகாது. ‘பஸ்ஸுங்க வந்துச்சு’ என்று அஃறிணைப் பன்மைக்கு ஒருமை வினை போட்டுத்தானே பேசுகிறோம்.

நான்காவது, இளாஃபா எனும் உடைமைத் தொடர். முதற்சொல் முளாஃபு, அதில் ‘அல்’லும் வராது, தன்வீனும் வராது. இரண்டாம் சொல் முளாஃபு இலைஹி. அது எப்போதும் ஜர்ரு. ‘பையனுடைய’ என்று முன்னால் தொடங்கும் தமிழ் மனம் உடைமையாளரை முதலில் எழுதிவிடும். அல்லது ‘அந்தப் புத்தகம்’ என்று நினைத்து ‘அல்கிதாபுல் வலதி’ என்று ஒரு ‘அல்’லைக் கூட்டிவிடும். இரண்டாம் சொல்லில் ‘அல்’ இருந்தாலே முதற்சொல்லும் குறிப்பான பொருளாகிவிடுகிறது. முதற்சொல்லின் குறி அதன் வேலையைப் பொறுத்து மாறும்: ஃபீ கிதாபில் வலதி.

இதற்கு உதாரணம் தேடிப் போக வேண்டாம், ஊரில் கூப்பிடும் பெயர்களே போதும். அப்துல் காதர் என்பது அப்து + அல் + காதிர், ஒரு இளாஃபா. அப்துர் ரஹ்மானில் ‘ல்’ எங்கே போயிற்று? 28 எழுத்துகளில் 14 சூரிய எழுத்துகள். அவற்றுக்கு முன் ‘அல்’லின் லாம் (ல்) எழுதும்போது இருக்கும், ஒலிக்கும்போது அடுத்த எழுத்தாக மாறி இரட்டிக்கும். ஷம்சுத்தீனும் அஸ்ஸலாமும் அந்தக் கணக்குதான். நாக்கு நுனி பல்லருகே போகும் எழுத்துகள் இவை (த, ர, ஸ, ந குடும்பம், கூடவே ஷீன்). ஜீம் இதில் சேராது, ஆகவே அல்ஜதீது.

இளாஃபாவுக்கு அடை சேர்க்கும் இடத்தில் கடைசிக் குறியின் அருமை தெரியும். அடையை நடுவில் செருக முடியாது, கடைசியில்தான் வைக்க வேண்டும். ஸகீர் (சிறியது) என்ற சொல்லை வைத்துப் பாருங்கள்:

கிதாபுல் வலதிஸ் ஸகீரு – பையனுடைய சிறிய புத்தகம்.
கிதாபுல் வலதிஸ் ஸகீரி – சின்னப் பையனுடைய புத்தகம்.

ஒரே ஒரு குறிதான் வித்தியாசம்.

சுட்டுச் சொல்லிலும் இதே கண்ணி உண்டு. ஹாதா கிதாபுன் – இது ஒரு புத்தகம், வாக்கியம். ஹாதல் கிதாபு – இந்தப் புத்தகம், அவ்வளவுதான். சொல்ல வந்தது இன்னும் முடியவில்லை. ஹாதல் கிதாபு ஜதீதுன் என்றால்தான் முடியும். பெண்பாலுக்கு ஹாதிஹி.

பயிற்சிக்கு 10 பெயர்ச்சொல், 5 அடை எடுங்கள். பெயர்களில் பாதி பெண்பாலாக இருக்கட்டும், ஷம்ஸ் போன்றது ஒன்றாவது வேண்டும். நோட்டில் நான்கு பத்தி கோடு போட்டு, நாளுக்கு 5 ஜோடிகளை நான்கு வடிவத்திலும் எழுதுங்கள். நான்காவது பத்தியில் மட்டும் அடைக்குப் பதில் உடைமையாளர் பெயர். எழுதியபின் முதலில் ‘அல்’லை மட்டும் சரிபார்த்து, பிறகு கடைசிக் குறிகளை மட்டும் சரிபாருங்கள், இரண்டையும் ஒரே பார்வையில் திருத்தினால் ஒன்று கட்டாயம் தப்பும்.

நான்காவது பத்தியில் ஃபாத்திமா, இப்ராஹீம் போன்ற பெயர்களை இப்போதைக்குத் தவிருங்கள். இவை தன்வீன் ஏற்காத வகை. ஜர்ரு வர வேண்டிய இடத்தில் இகரத்துக்குப் பதில் அகரம் வரும். கிதாபு ஃபாத்திமத என்று ஒரு நூலில் கண்டால் அது அச்சுப்பிழை அல்ல.